வால்யூமைக் குறைக்க விடும் ஹெட்ஃபோனே பயணத்துக்கு ஏற்றது

வயர்லெஸ் ஹெட்ஃபோன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எண்களாகவே இருக்கும். 40 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலியை எழுப்பும் சிறு ஸ்பீக்கர்), 60 மணி நேர பேட்டரி, ப்ளூடூத் 5.4, 50 டெசிபல் இரைச்சல் குறைப்பு. வாங்குகிறவர்களும் இரண்டு மாடல்களைப் பக்கத்தில் வைத்து இந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். பயணத்தில் போட்டுக்கொள்ளப்போகிற ஹெட்ஃபோனுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி எந்தப் பெட்டியிலும் அச்சாகியிருக்காது: சத்தமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு குறைந்த வால்யூமில் இதில் ஒரு பாட்டையோ பேச்சையோ முழுசாகக் கேட்க முடியும்?

பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் உள்ளே இரைச்சல் சாதாரணமாக 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். வெளிச்சத்தத்தைத் தடுக்காத ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டால், பாட்டு இந்த இரைச்சலைத் தாண்டி எழும்ப வேண்டும். பாட்டின் மெதுவான இடங்களும் காதில் விழ வேண்டுமென்றால் 90 டெசிபலை எட்டிவிடுவோம். எட்டியது நமக்குத் தெரியவும் தெரியாது. சுற்றியுள்ள இரைச்சலோடு சேர்த்துக் கேட்கும்போது அது அதிகமாகத் தோன்றுவதே இல்லை. இறங்கி அமைதியான அறைக்கு வந்தபின் அதே வால்யூமில் போட்டுப் பார்த்தால்தான் திடுக்கிடும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். டெசிபல் கணக்கு ஏறும் விதத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரட்டிப்பாகிறது. கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10. 90 டெசிபலுக்கு வந்துவிட்டால் வாரம் முழுவதற்குமே 4 மணி நேரம்தான். 95-க்கு ஒன்றேகால் மணி நேரம். ஒரே ஒரு நீண்ட விமானப் பயணம் போதும், அந்த வாரத்தின் அளவு தீர்ந்துவிடும். உட்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் மனிதர்களுக்கு ஒருமுறை அழிந்தால் திரும்ப வளர்வதில்லை. சேதம் வலிக்காமல் சேர்ந்துகொண்டே போகும். காதில் விடாமல் ஒரு ரீங்காரம் கேட்க ஆரம்பிக்கும்போதோ, கூட்டத்தில் பேசுவது புரியாமல் போகும்போதோதான் தெரியவரும்.

அதனால் பயணத்துக்கு ஹெட்ஃபோன் வாங்கும்போது வெளிச்சத்தத்தை அது எவ்வளவு குறைக்கிறது என்பதை ஒரு கூடுதல் வசதியாகப் பார்க்காமல், முதல் தேவையாகப் பார்க்கச் சொல்கிறேன். ஒலித்தரம், கோடெக் (பாட்டை ப்ளூடூத்தில் அனுப்பச் சுருக்கும் முறை), பேட்டரி எல்லாம் அதற்குப் பிறகு.

எதிர் ஒலி எப்படி வேலை செய்கிறது

இரைச்சலை இன்னொரு ஒலியால் அழிக்கலாம் என்ற எண்ணம், அதாவது நாய்ஸ் கேன்சலிங், பழையது. ஜெர்மானியரான பால் லூக் இதற்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒலி என்பது காற்றழுத்தம் கூடிக் குறைவது. அழுத்தம் கூடுகிற அதே கணத்தில் அதே அளவு குறைக்கும் இன்னொரு அலையை அனுப்பினால் இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தீர்த்துவிடும். காகிதத்தில் இது எளிது. காதோரத்தில் இதைச் செய்துகாட்டும் அளவுக்கு வேகமான மின்னணுவியல் அன்றைக்கு இல்லை.

1978-ல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்த, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் என்ஜின் இரைச்சலை மீறி எதையும் ரசிக்க முடியவில்லை என்று அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்குகளைப் போட ஆரம்பித்தார். 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானத்தில் டிக் ருட்டனும் ஜீனா யேகரும் தங்கள் காதுகளைக் காத்துக்கொள்ள அவருடைய நிறுவனத்தின் மாதிரிக் கருவிகளைப் போட்டுக்கொண்டார்கள். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. நம்மைப் போன்ற பயணிகளுக்கான குவயட்கம்ஃபர்ட் வந்தது 2000-ல். இந்த வரிசையைச் சொல்லக் காரணம் உண்டு. நாய்ஸ் கேன்சலிங் பிறந்ததே விமான என்ஜின் சத்தத்துக்காக. இன்றைக்கும் அது மிக நன்றாக வேலை செய்வது அந்த மாதிரிச் சத்தத்தில்தான்.

ஏன் என்று பார்ப்போம். ஹெட்ஃபோனின் வெளிப்பக்கம் ஒரு மைக், உள்பக்கம் இன்னொன்று. வெளி மைக் வருகிற சத்தத்தை முன்கூட்டியே பிடிக்கிறது; உள் மைக் காதை எட்டியது என்ன, மிச்சம் எவ்வளவு என்று பார்த்துத் திருத்துகிறது. நல்ல மாடல்கள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. நடுவில் இருக்கும் சிப் எதிர் அலையைக் கணக்கிட்டு டிரைவருக்கு அனுப்ப நுணுக்கமான நேரம் தேவை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அவ்வளவு நீளமான, மெதுவான அலையில் கணக்கு துளி தாமதமானாலும் பொருத்தம் கெடாது. 3000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். அங்கே அதே தாமதம் அலையைத் தவறான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். அழிப்பதற்குப் பதிலாகக் கூட்டவும் செய்யலாம். அதனால்தான் இந்தத் தொழில்நுட்பம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள முணுமுணுப்பு, உறுமல், இரைச்சல் ஆகியவற்றில் மட்டும் தீவிரமாக வேலை செய்கிறது.

அதற்கு மேலே உள்ளதை யார் தடுப்பது? காதைச் சுற்றியுள்ள மெத்தையும், காதுக்குள் போகும் ரப்பர் முனையும். பக்கத்து இருக்கைக் குழந்தையின் அழுகை, தட்டு உரசும் சத்தம், பேச்சின் கூர்மையான மெய்யெழுத்துகள் எல்லாம் மேல் அதிர்வெண்ணில் இருப்பவை. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கிய பலர் முதல் நாளே “பேச்சு கேட்கத்தான் செய்கிறது” என்று ஏமாறுவார்கள். கருவியில் பழுது இல்லை. கீழே இருந்த உறுமல் போனதும், அதுவரை அதில் மூழ்கியிருந்த பேச்சு தனியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. மெத்தை சரியாக மூடினால் பேச்சும் மங்கும், முழுசாகப் போகாது.

பெட்டியில் போட்டிருக்கும் 50 டெசிபல் கணக்கும் இங்கேதான் புரியும். ஏதோ ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில், சோதனைச் சாலையில் கிடைத்த உச்சம் அது. எல்லாச் சத்தமும் 50 டெசிபல் குறைந்தால் விமானத்துக்குள் நூலகத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். யாருக்கும் அப்படி இருப்பதில்லை. நல்ல கருவி தாழ்ந்த உறுமலை 20, 30 டெசிபல் குறைத்தாலே அது பெரிய விஷயம். வால்யூமைப் பல படிகள் இறக்கலாம்.

மூடுவது சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்

இவ்வளவு கணக்கையும் கெடுக்க ஒரு மெல்லிய இடைவெளி போதும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். கண்ணாடியின் காம்பு காதின் மேலே போகும் இடத்தில் ஹெட்ஃபோன் மெத்தை சற்றே தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கு வழியாக உறுமல் உள்ளே வரும், பாட்டின் அடிநாதம் வெளியே போகும். மெத்தை மெதுவாகவும் ஆழமாகவும் இருந்தால் காம்பைச் சுற்றி வழிந்து மூடிக்கொள்ளும். கெட்டியாக இருந்தால் இடுக்கு அப்படியே நிற்கும், கூடவே ஒரு மணி நேரத்தில் காம்பு அழுத்தி நெற்றிப்பொட்டில் வலி எடுக்கும். காதணி, அடர்ந்த கூந்தல், தாடை எலும்பின் வடிவம் எல்லாம் இதே மாதிரி விளையாடும். ஒருவர் புகழ்ந்து எழுதிய ஹெட்ஃபோன் இன்னொருவருக்குச் சுமாராகப் படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதை வாங்குவதற்கு முன்பே சோதிக்கலாம். ஹெட்ஃபோனைப் போட்டு, பாட்டு எதுவும் ஓட்டாமல், நாய்ஸ் கேன்சலிங்கை மட்டும் ஆன் செய்யுங்கள். ஏசி, மின்விசிறி, வெளியே ஓடும் வண்டிகள் என்று எங்கேயும் ஒரு தாழ்ந்த உறுமல் இருக்கும். அது மறைவதைக் கவனியுங்கள். அப்புறம் தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள், கீழே குனியுங்கள், அகலமாகச் சிரியுங்கள், மெல்லுவதுபோல் தாடையை அசையுங்கள். ஒவ்வொரு அசைவிலும் உறுமல் எட்டிப்பார்த்தால் மூடுவது சரியில்லை. மெத்தையை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் அமைதி கூடினால், அந்த ஹெட்ஃபோன் உங்கள் தலைக்கு ஏற்றதல்ல. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும்.

இயர்பட்ஸுக்கும் இது பொருந்தும், இன்னும் அதிகமாகவே. பெட்டியில் வரும் சிறியது, நடுத்தரம், பெரியது ஆகிய மூன்று அளவு முனைகளில் மாட்டியிருக்கும் நடுத்தரத்தையே பெரும்பாலானோர் கடைசிவரை வைத்திருக்கிறார்கள். வலக்காதுக்கும் இடக்காதுக்கும் துளை அளவு வேறுபடுவது சகஜம். ஒன்றுக்கு நடுத்தரமும் இன்னொன்றுக்குப் பெரியதும் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. இயர்பட்டை உள்ளே வைத்தபின் சற்றுப் பின்பக்கமாகச் சுழற்றினால்தான் பல மாடல்கள் சரியாக உட்காரும். சிலிக்கான் முனை நழுவிக்கொண்டே இருந்தால் ஃபோம் முனையை முயற்சி செய்யலாம். அழுத்திச் சுருட்டி உள்ளே வைத்தால் காதுக்குள் விரிந்து துளையை நிறைக்கும், மேல் அதிர்வெண் சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும். சீக்கிரம் அழுக்காகும், சில மாதங்களில் மாற்ற வேண்டிவரும். அது ஒன்றுதான் குறை. பல செயலிகளில் இப்போது முனைப் பொருத்தச் சோதனை இருக்கிறது. ஒரு ஒலியை ஓட்டி, உள் மைக்கில் அடிநாதம் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்துச் சொல்லும். அதைச் செய்யாமல் ஒலித்தரத்தைப் பற்றி முடிவுக்கு வரக் கூடாது. பாஸ் (அடிநாதம்) இல்லை என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் முனை பொருந்தாததால் வருவது.

சிலருக்கு நாய்ஸ் கேன்சலிங் ஆன் செய்ததும் காது அடைத்ததுபோல், விமானம் மேலேறும்போது வருவதுபோல் ஒரு உணர்வு வரும். காற்றழுத்தம் உண்மையில் மாறுவதில்லை; தாழ்ந்த ஒலிகள் மட்டும் திடீரென்று மறைவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் அந்த அசௌகரியம் நிஜம். அளவைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள மாடல் அவர்களுக்கு நல்லது. சுத்தமாகவே ஒத்துவராதவர்கள் நன்றாக மூடும் சாதாரண இயர்பட்ஸை ஃபோம் முனையோடு போட்டுக்கொண்டாலே கணிசமான அமைதி கிடைக்கும்.

காது மேலா, காதுக்குள்ளா

நீண்ட விமானப் பயணம் அடிக்கடி போகிறவர்களுக்குக் காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோன்தான் என் தேர்வு. பேட்டரி 20, 30 மணி நேரம் போகும். காதுத் துளையில் எதுவும் அழுத்தாது. மெத்தையும் எதிர் ஒலியும் சேர்ந்து நல்ல அமைதியைத் தரும். எடையைக் கட்டாயம் பாருங்கள். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 ஏறக்குறைய 250 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம். முதல் பத்து நிமிடத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எட்டு மணி நேரம் உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும்போது தெரியும்.

மடங்குகிறதா என்பதும் சின்ன விஷயமாகத் தோன்றி, பயணத்தில் பெரிதாகும் ஒன்று. முந்தைய தலைமுறை மாடலில் உள்ளே மடங்கிய சோனி, 2022-ல் வந்த எக்ஸ்எம்5-ல் தட்டையாகத் திரும்ப மட்டுமே செய்தது. பெட்டி பெரிதானது, பையில் இடம் போனது. பயணிகள் விடாமல் குறை சொன்னார்கள். 2025-ல் வந்த எக்ஸ்எம்6 மறுபடி மடங்குகிறது. ஹெட்ஃபோனைப் பையில் வைக்க இடமில்லை என்றால் அது வீட்டிலேயே தங்கிவிடும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், தினமும் ரயிலிலும் நடையிலும் அலுவலகத்திலும் கேட்க வேண்டும், எப்போதாவதுதான் விமானம் என்பவர்களுக்கு நல்ல நாய்ஸ் கேன்சலிங் உள்ள இயர்பட்ஸைச் சொல்வேன். சட்டைப்பையில் அடங்கும், வியர்க்காது, தலையைச் சாய்த்துத் தூங்கலாம். ஒருமுறை சார்ஜில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வந்தால் போதும். சாப்பாட்டு நேரத்தில் கேஸில் போட்டு எடுத்தால் மீண்டும் ஓடும்.

சாலையில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் கதை தலைகீழ். அங்கே வெளிச்சத்தம் வேண்டும். வெளி மைக்கில் வருவதை உள்ளே ஒலிக்கவிடும் வசதி இப்போது பெரும்பாலான மாடல்களில் உண்டு. அதைப் போட்டுக்கொண்டாலும் பின்னால் வரும் வண்டி எந்தத் திசையில் வருகிறது என்பது வெறுங்காதுக்குத் தெரிவதுபோல் துல்லியமாகத் தெரியாது. காதை மூடாத திறந்த வகை இயர்பட்ஸும், கன்னத்து எலும்பின் வழியே அதிர்வை உட்காதுக்கு அனுப்பும் வகையும் இதற்காகவே இருப்பவை. அவற்றை விமானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மூடுவதே இல்லை என்பதால் இரைச்சலோடு போட்டிபோட்டு வால்யூமை ஏற்றிவிடுவோம். தொடக்கத்தில் சொன்ன அதே ஆபத்து.

கோடெக் பற்றிய வாக்குவாதம்

ஆன்லைனில் அதிகம் சண்டை நடப்பது இதில்தான், பயணிக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான். பாட்டை ப்ளூடூத்தில் அனுப்ப அதைச் சுருக்கியாக வேண்டும். சுருக்கும் முறைதான் கோடெக். எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும். சோனி உருவாக்கிய எல்டாக் 990 வரை. சுருக்காத சிடி ஒலி 1411. எண்ணைப் பார்த்தால் எல்டாக் மூன்று மடங்கு உயர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் ஐஃபோன் எல்டாக்கையும் இன்னொரு கோடெக்கான ஆப்ட்எக்ஸையும் ஆதரிப்பதே இல்லை. எஸ்பிசியும் ஏஏசியும் மட்டும்தான். ஐஃபோன் வைத்திருப்பவர் எல்டாக்குக்காகக் கூடுதல் பணம் கொடுத்தால் அது வீண்.

ஆண்ட்ராய்டு ஃபோனிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையில் ஒரு பகுதியும் பக்கத்தில் இருப்பவர்களின் இயர்பட்ஸும் இயங்குகின்றன. மனித உடலில் உள்ள தண்ணீரும் இந்த அலையை உறிஞ்சும். ஃபோன் பின்பாக்கெட்டில் இருந்து, நெரிசலான நடைமேடையில் நின்றால், பாட்டு விட்டுவிட்டு வருவது இதனால்தான். எல்டாக் அந்த நேரத்தில் 660-க்கோ 330-க்கோ தானாக இறங்கும். 990-ல் கட்டாயமாக நிறுத்தி வைத்தால் அறுந்து அறுந்து வரும். பயணத்தில் இணைப்பு உறுதிக்கு முன்னுரிமை தரும் அமைப்பை வைப்பதே நல்லது. ரயில் பெட்டிக்குள் எஸ்பிசிக்கும் எல்டாக்குக்கும் காதால் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். தாழ்ந்த இரைச்சல் 10 டெசிபல் கூடுதலாகக் குறைந்தால் அதை யாரும் உடனே உணர்வார்கள்.

ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பது கோடெக்கைவிட டியூனிங்தான். எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உயர்த்துவது, தாழ்த்துவது என்று தயாரிப்பாளர் எடுத்த முடிவு அது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் நிறையப் பேரைக் கேட்கவைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்த அதிர்வெண் வளைவை இன்று பல நிறுவனங்கள் அளவுகோலாக வைத்திருக்கின்றன. பாஸ் சற்றுத் தூக்கலாக, குரல் தெளிவாக இருக்கும் அமைப்பு அது. உங்கள் ரசனை வேறாக இருந்தால் ஈக்வலைசர் உள்ள செயலி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பாஸை ஒரு படி குறைத்தாலே பேச்சு நிகழ்ச்சிகள் எவ்வளவோ தெளிவாகும். டிரைவர் அளவை வைத்து ஒலியைக் கணிக்க முடியாது. காதுக்குள் இருக்கும் 10 மில்லிமீட்டர் டிரைவர், நன்றாக மூடியிருந்தால், காதுக்கு வெளியே இருக்கும் 40 மில்லிமீட்டருக்கு இணையான பாஸைத் தரும்.

பேசும்போது ஒலி ஏன் கெடுகிறது

அருமையாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும் ஹெட்ஃபோன், மடிக்கணினியில் ஒரு மீட்டிங்கில் சேர்ந்ததும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடும். பலரும் கருவியைத் திட்டுகிறார்கள். வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டு கேட்க ஒரு வழி, பேச வேறொரு வழி. மைக் ஆன் ஆனதும் இரண்டாவது வழிக்கு மாறுகிறது. அங்கே ஸ்டீரியோ போய்விடும். ஒலி நொடிக்கு 8000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கும், பாட்டுக்கோ 44,100. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. மீட்டிங் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையும், ஒலிக்கு ஹெட்ஃபோனையும் தேர்ந்தெடுத்தால் கேட்கும் தரம் அப்படியே இருக்கும், உங்கள் குரலும் அமைதியான அறையில் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே போகும். 2020-ல் அறிவிக்கப்பட்ட, ப்ளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்ஈ ஆடியோவும் அதன் எல்சி3 கோடெக்கும் இந்தக் குறையைத் தீர்க்க வந்தவை. ஃபோன், கணினி, ஹெட்ஃபோன் மூன்றிலும் அது இருந்தால்தான் பலன்.

தினசரிப் பயன்பாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைந்திருக்கும் வசதியை நான் கோடெக்குக்கு மேலே வைப்பேன். கணினியில் வீடியோ பார்க்கும்போது ஃபோனில் அழைப்பு வந்தால் எதையும் துண்டித்து இணைக்காமல் பேசலாம். காட்சிக்கும் ஒலிக்கும் இடையிலான தாமதத்தை வீடியோ செயலிகள் தாமே சரிசெய்துவிடுகின்றன. வீடியோ கேமில் மட்டும் அது தெரியும்.

இருக்கைத் திரையும் கேபிளும்

விமானத்தில் ஃபோனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றிவிட்டு ப்ளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்வதைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஃபோனில் இறக்கிவைத்த படமும் பாட்டும் பிரச்சினையில்லை. இருக்கைத் திரையில்தான் சிக்கல். சில புதிய விமானங்களில் திரையிலேயே ப்ளூடூத் உண்டு. பலவற்றில் இன்னும் 3.5 மில்லிமீட்டர் துளைதான், சில பழைய இருக்கைகளில் இரட்டை முனைத் துளை. கேபிள் போட இடம் உள்ள ஹெட்ஃபோன் இங்கே கைகொடுக்கும். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: கேபிள் பெட்டியிலேயே வருகிறதா, பேட்டரி தீர்ந்தபின்னும் கேபிளில் ஓடுமா. சில மாடல்கள் கேபிளில் போட்டாலும் சார்ஜ் இல்லாவிட்டால் ஊமை. இயர்பட்ஸ் வைத்திருப்பவர்கள் துளையில் செருகும் சிறிய ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

தனியாக உள்ள பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஹெட்ஃபோனையும் இயர்பட்ஸ் கேஸையும் அதோடு சேர்த்துக் கைப்பையிலேயே வைப்பது நல்லது.

எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு

பேட்டரி பற்றி எல்லோரும் மணி நேரம் கேட்கிறார்கள். ஆண்டு கேட்பவர்கள் குறைவு, எனக்கு அதுதான் உறுத்தல். இயர்பட்டில் இருக்கும் லித்தியம் செல் ஃபோன் பேட்டரியில் நூறில் ஒரு பங்குதான். தினமும் தீர்ந்து, தினமும் நிரம்பினால் இரண்டு மூன்று ஆண்டில் எட்டு மணி நேரம் நாலாகக் குறையும். பெரும்பாலான இயர்பட்ஸ் ஒட்டிச் செய்யப்பட்டவை; திறந்தால் உடையும். ஒலியில் எந்தக் குறையும் இல்லாத கருவி செல் ஒன்று தளர்ந்ததால் குப்பைக்குப் போவது மிகப் பெரிய வீண். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி விதி, எடுத்துச்செல்லும் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18 முதல் கேட்கிறது, சில விலக்குகளோடு. முடியாது என்று சொல்ல இடமில்லை: ஃபேர்ஃபோன் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஃபேர்பட்ஸில் இரண்டு இயர்பட்டுகளிலும் கேஸிலும் பேட்டரியை நாமே மாற்றலாம்.

காதை மூடும் ஹெட்ஃபோனில் செல் பெரிது, தினமும் சார்ஜ் தேவைப்படாது என்பதால் அது நீண்ட காலம் தாங்கும். அங்கே முதலில் தளர்வது மெத்தை. செயற்கைத் தோல் உரிய ஆரம்பித்ததும் பலர் ஹெட்ஃபோனே போய்விட்டது என்று நினைக்கிறார்கள். உரிந்த மெத்தை மூடாததால் நாய்ஸ் கேன்சலிங்கும் தளர்ந்திருக்கும். கையால் கழற்றி மாட்டக்கூடிய மெத்தையா, மாற்று மெத்தை தனியாக விற்பனையில் இருக்கிறதா என்று வாங்கும் அன்றே பார்த்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விடாமல் இருப்பதும், நாள்கணக்கில் காலியாகப் போட்டு வைக்காமல் இருப்பதும் செல்லின் ஆயுளை நீட்டும்.

வியர்வைக்கும் தூறலுக்கும் ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தடுப்பு மதிப்பீடு போதும். அதில் உள்ள எக்ஸ், தூசிக்கு மதிப்பீடு தரப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. இந்த மதிப்பீடு பெரும்பாலும் இயர்பட்டுகளுக்கு மட்டும்தான். நனைந்த இயர்பட்டைத் துடைக்காமல் கேஸில் போட்டால் சார்ஜ் ஆகும் முனைகள் துருப்பிடிக்கும்.

வாங்கிய முதல் வாரத்தில், திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் முடிவதற்குள், வழக்கமாகப் போகும் சத்தமான வண்டியில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பாட்டு வேண்டாம், ஒருவர் நிதானமாகப் பேசும் நிகழ்ச்சியைப் போடுங்கள், ஏனென்றால் பாட்டில் தவறவிட்டது தெரியாது, பேச்சில் ஒரு வார்த்தை போனாலும் தெரியும். ஒவ்வொரு வார்த்தையும் புரியும் மிகக் குறைந்த வால்யூம் எது என்று பாருங்கள். சில ஃபோன்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஒலியின் டெசிபல் அளவைத் திரையிலேயே காட்டுகின்றன. 75-க்குக் கீழே புரிந்தால் வைத்துக்கொள்ளலாம். 85-க்கு ஏற்ற வேண்டியிருந்தால் முதலில் முனையையோ மெத்தையையோ மாற்றிப் பாருங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால், பாட்டு எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும், திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாடலைப் பாருங்கள்.